மூன்றாவது பேட்டரி

அந்த வீட்டு ரோபோவில் இருந்தது மூன்றாவது பேட்டரி. எங்கள் சர்வீஸ் சென்டரிலிருந்து போன இரண்டு பேர் ஆளுக்கொரு தடவை மாற்றியிருந்தார்கள். இரண்டுமே நல்ல பேட்டரிகள். மாற்றியவர்களும் நல்லவர்கள்தான். மூன்றாவது முறையாகப் புகார் வந்தபோது ஜெரால்டு அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"நேத்ரா, நீ போ. பேட்டரியை மட்டும் மாத்திட்டு வந்துடாத. மாத்தினா அடுத்த மாசம் அந்தம்மா மறுபடி எனக்குத்தான் போன் பண்ணும். அது பேசுறதைக் கேட்டா எனக்கே சார்ஜ் இறங்குது."

திருச்சி வயலூர் ரோட்டில் ஓர் அடுக்குமாடி, நாலாவது தளம். கதவைத் திறந்த ஹேமலதாவுக்கு அறுபதை நெருங்கும் வயது. என்னையும் என் பையையும் பார்த்துவிட்டு உள்ளே திரும்பினார்.

"ஏங்க, இந்தத் தடவை ஒரு பொண்ணை அனுப்பியிருக்காங்க. அப்ப விஷயம் சீரியஸ்தான்."

"உருண்டைக்கு ஆபரேஷனா?" என்று ஹாலிலிருந்து பதில் வந்தது. அவர் கணவர் மோகன்ராஜ். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். சோபாவில் சாய்ந்து டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தட்டையா வட்டமா இருக்கிறதுக்கு உருண்டைன்னு பேர் வெச்சிருக்கா பாரும்மா. கணக்குல வீக்."

"பேர் வெச்சதாவது நான். நீங்க இதுவரைக்கும் அதைத் தாண்டிப் போனது தவிர என்ன செஞ்சிருக்கீங்க?"

உருண்டை ஹாலின் மூலையில், சுவரில் மாட்டியிருந்த ஸ்பீக்கருக்கு நேர் கீழே நின்றிருந்தது. சாதாரண வீட்டு ரோபோ. கூட்டும், துடைக்கும், நாம் சொல்வதைப் புரிந்துகொள்ளும். விலை குறைந்த மாடல்.

"என்ன பண்ணுது மேடம்?"

"ராத்திரி சார்ஜ் ஏத்திக்குது. காலையில பட்டனை அழுத்தினா ஹால்ல பாதி கூட்டும். அப்புறம் 'சார்ஜ் குறைவாக உள்ளது'ன்னு அழுதுட்டு அப்படியே உக்காந்துடும். இவரு மாதிரி."

"நான் எங்கடி அழுதேன்?"

"உக்கார்றதைச் சொன்னேன்."

நான் உருண்டையைக் கவிழ்த்துப் போட்டேன். பிரஷ்ஷில் முடி சுற்றியிருந்தால் மோட்டார் திணறும், சார்ஜ் சீக்கிரம் இறங்கும். கொஞ்சம்தான் இருந்தது, வெட்டி எடுத்தேன். சார்ஜ் ஏறும் பித்தளைப் பட்டைகளைத் துணியால் துடைத்தேன். ஃபில்டரைத் தட்டினேன். சக்கரங்களைக் கையால் சுற்றினேன். பேட்டரியைச் சோதித்தேன். புதிது போல இருந்தது. எல்லாமே சரியாக இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

"என்னம்மா படிச்சிருக்க?" என்று கேட்டார் ஹேமலதா.

"எம்.எஸ்ஸி. பிசிக்ஸ்."

"அதைப் படிச்சிட்டா இதைத் துடைக்கிற?"

எனக்கு இந்த மாதிரி கேள்விகளுக்குப் பதில் வராது. வேறு கேள்வி கேட்டுவிடுவேன். "மேடம், இது காலையில தானா கிளம்பாதா? ஒன்பது மணின்னு டைம் வெச்சிருக்கே."

"முன்னாடி கிளம்பும். இப்ப இல்லை. நான் அழுத்தினாத்தான்."

"எப்பத்துல இருந்து?"

"எங்க பையன் போனதுல இருந்துன்னு நினைக்கிறேன். மூணு மாசம் இருக்கும். மிதுன்தான் இதை வாங்கிட்டு வந்தான். அவன் இருந்திருந்தா அவனே சரி பண்ணியிருப்பான். உங்களை எல்லாம் கூப்பிட்டே இருக்க மாட்டோம்."

மோகன்ராஜ் தண்ணீர் குடிக்க எழுந்து போனார்.

"எப்பவும் இந்த இடத்துலதான் நிக்குமா?"

"ஆமா. சார்ஜ் போடுற பெட்டி சமையக்கட்டுப் பக்கம் இருக்கு. அங்க கொஞ்ச நேரம் இருக்கும், இறங்கி நேரா இங்க வந்து நின்னுக்கும். டிவி பார்க்குதுன்னு இவரு சொல்வாரு."

என் கருவியை உருண்டையோடு இணைத்தேன். சார்ஜை எந்தப் பாகம் எவ்வளவு எடுக்கிறது என்று அது காட்டும். பார்த்தேன். மறுபடி பார்த்தேன். சார்ஜைத் தின்றுகொண்டிருந்தது மோட்டார் இல்லை. காது.

"அதுக்குக் காது இருக்கா?" என்றார், நான் சொன்னதைக் கேட்ட ஹேமலதா.

"நாம சொல்றது அதுக்குக் கேட்கணுமே மேடம். சாதாரணமா அரைக்கண்ணுல தூங்குற மாதிரி லேசாத்தான் கேட்டுட்டிருக்கும். பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் முழுசா முழிச்சுக்கும். இது எந்நேரமும் முழிச்சிருக்கு. ஒவ்வொரு சத்தத்தையும் எதோடயோ ஒப்பிட்டுப் பார்த்துக்கிட்டே இருக்கு. அதுக்குத்தான் அவ்வளவு சார்ஜ் ஆகுது."

"அப்ப நாங்க பேசுறதை எல்லாம் கேட்டுட்டு இருந்துச்சா?"

"கேட்கும். மனசுல வெச்சுக்காது."

"நம்ம வீட்டுல அப்படி ஒருத்தராவது இருக்கட்டும்," என்றார் திரும்பி வந்த மோகன்ராஜ்.

எதைக் கேட்பதற்காக விழித்திருக்கிறது என்று தேடினேன். இந்த மாடலில் வீட்டு வழக்கங்களை வாயால் சொல்லி வைக்கலாம். பூஜை அறைக்குள் வராதே, விளக்கு வைத்தபிறகு கூட்டாதே, இப்படி. நாம் சொன்னதைச் சொன்னபடியே வைத்துக்கொள்ளும். உருண்டையில் ஒன்றே ஒன்று முடியாமல் நின்றிருந்தது. திரையில் வந்ததை வாசித்தேன்.

"'மிதுன் போய்ச் சேர்ந்துட்டேன்னு அவன் வாயால சொல்ற வரைக்கும் வீட்டைக் கூட்டாத.'"

ஹேமலதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஐயோ, இதையா பிடிச்சு வெச்சிருக்கு! நான்தாம்மா சொன்னேன். ஒருத்தர் ஊருக்குக் கிளம்பினா உடனே வீட்டைக் கூட்ட மாட்டோம்ல? உங்க வீட்டுல எப்படி?"

"எங்க வீட்டுலயும் கூட்ட மாட்டாங்க."

"அன்னைக்கு மிதுன் பெட்டியோட லிப்ட்டுல ஏறுறான். நாங்க ரெண்டு பேரும் வெளிய நிக்கிறோம். உள்ள ஆள் இல்லைன்னு நினைச்சு இது கிர்ருன்னு கிளம்பிடுச்சு. பொணத்தைத் தூக்கிட்டுப் போன வீட்டுலதானே உடனே கூட்டுவாங்க? ஓடிப் போய்க் காலைக் குறுக்க வெச்சு நிறுத்திட்டு, அந்தப் பதட்டத்துல சொன்னேன். அது இன்னமும் கேட்டுட்டு இருக்கா? அதான் நான் பட்டனை அழுத்தினா மட்டும் கிளம்புதா?"

"அவர் போய்ச் சேர்ந்துட்டாரா மேடம்?"

"எப்பவோ சேர்ந்துட்டான். அந்தமான்ல பவளம் வளர்க்கிறாங்களாம், கடலுக்குள்ள. அந்த வேலை. தினமும் சாயந்திரம் ஆறு மணிக்கு டாண்ணு இந்த ஸ்பீக்கர்ல கூப்பிடுறான். எதிர்வீட்டுப் பையன் இங்க இருக்கிற சென்னையிலதான் இருக்கான், மாசத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டா அதிசயம்."

"அப்ப இது ஏன் இன்னும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். எனக்கும் தெரியவில்லை.

அதைத் தெரிந்துகொள்ள வெகுநேரம் ஆகவில்லை. ஸ்பீக்கர் 'மிதுன் அழைக்கிறார்' என்றது. ஹேமலதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மோகன்ராஜ் டேப்லெட்டை மூடிவைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்தார். நான் உருண்டையைத் தரையில் விட்டேன். அது விடுவிடுவென்று ஸ்பீக்கருக்குக் கீழே போய் நின்றது.

"அம்மா, சாப்பிட்டியாம்மா?"

"ஆச்சுடா. நீ?"

"நல்லா சாப்பிட்டேன்மா. இங்க மத்தியானத்துல இருந்து ஒரே மழை. வீட்டுல என்ன விசேஷம்?"

ஹேமலதா மாடியில் கறிவேப்பிலைத் தொட்டிக்காக இரண்டு குடித்தனங்கள் சண்டை போட்ட கதையைச் சொன்னார். நீளமான கதை. நடுவில் அந்தத் தொட்டி வாங்கிய கதையும் வந்தது. "அப்புறம்மா?" என்று கேட்டது குரல். சரியான இடத்தில் சிரித்தது. பிறகு, "அப்பா, மாத்திரை போட்டீங்களா?" என்றது.

"போட்டேன்டா, போட்டேன்," என்றார் மோகன்ராஜ். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

உருண்டையின் நெற்றி விளக்கு சில நொடிகள் மினுக்கியது. பிறகு பழையபடி மங்கியது. என் கருவியில் சிவப்பாக ஒரு சிறிய அடையாளம் வந்து போனது. பார்த்துவிட்டு அதைச் சட்டென்று மடியில் கவிழ்த்துக்கொண்டேன்.

பேசியது மிதுன் இல்லை. டப்பிங்.

டப்பிங் இல்லாத ஆள் இப்போது யார்? அலுவலகக் கூட்டத்தில் ஆமாம் சொல்வதற்கு, வங்கிக்காரர்களிடம் பேசுவதற்கு, கல்யாணத்துக்கு வர முடியாத சித்தப்பா வாழ்த்துச் சொல்வதற்கு, எல்லாவற்றுக்கும் நம் குரலில் நமக்குப் பதிலாகப் பேசும் ஒன்றை வைத்திருக்கிறோம். நம் குரல், நம் விவரங்கள், கொஞ்சம் கூடுதல் பொறுமை. ஏமாற்று நடக்கக் கூடாது என்று ஒவ்வொரு டப்பிங் குரலுக்குள்ளும் ஒரு முத்திரை ஒலி வைக்கச் சொல்லிச் சட்டம் இருக்கிறது. மனிதக் காதுக்குக் கேட்காது. இயந்திரத்துக்குக் கேட்கும்; என் கருவி சிவப்புக் காட்டும். பெற்றோரோடு பேசவும் நிறைய பேர் டப்பிங்கை விடுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைச் சொல்லிக்கொள்வதில்லை.

'அவன் வாயால' என்று ஹேமலதா சொல்லியிருந்தார். உருண்டை அதை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தது. அதைப் பொறுத்தவரை மிதுன் இன்னும் போய்ச் சேரவில்லை.

"கேட்டியாம்மா? ஒரு நாள் தவற மாட்டான்," என்றார் ஹேமலதா.

வாடிக்கையாளர் வீட்டில் காதில் விழுவதை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் கம்பெனியின் முதல் சட்டம். எனக்கு மிகவும் வசதியான சட்டம். "ஆபீஸ்ல கேட்டுட்டு வந்து சரி பண்றேன் மேடம்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

"அந்தக் கட்டளையை அழிச்சிட்டு வந்திருக்கலாமே," என்றார் மறுநாள் ஜெரால்டு அண்ணன்.

"மெஷின் பையன் பேர்ல இருக்கு அண்ணா. அவர் சம்மதம் வேணும்."

"அப்பப் பையனுக்குப் போன் போடு."

"நீங்க போடுங்களேன்."

"ஏன், உனக்கு வாய் இல்லையா?"

"இருக்கு. பழக்கம் இல்லை."

அவர் என் முன்னால் போனைத் தள்ளி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

மிதுனுடைய டப்பிங்தான் எடுக்கும் என்று நினைத்திருந்தேன். எடுத்த குரலுக்குப் பின்னால் மோட்டார் படகின் இரைச்சல். "சீக்கிரம் சொல்லுங்க, தண்ணியில இருக்கேன்." என் கருவியில் எந்தச் சிவப்பும் வரவில்லை. நிஜ ஆள்.

"சார், திருச்சியில உங்க வீட்டு ரோபோ சம்பந்தமா... சார்ஜ் நிக்கலைன்னு..."

"பேட்டரியை மாத்திடுங்க."

"ரெண்டு தடவை மாத்தியாச்சு சார். பேட்டரியில ஒண்ணும் இல்லை. உங்க அம்மா அதுக்கு ஒண்ணு சொல்லி வெச்சிருக்காங்க, அதை அழிக்கணும். உங்க சம்மதம் வேணும்."

"என்ன சொல்லி வெச்சிருக்காங்க?"

வாசித்தேன். படகுச் சத்தம் மட்டும் கேட்டது. யாரிடமோ மோட்டாரை நிறுத்தச் சொன்னார். பிறகு அதுவும் கேட்கவில்லை.

பேச்சு நின்றுபோனால் எனக்குப் பதற்றமாகிவிடும். பதற்றத்தில், சொல்லக் கூடாததை எல்லாம் சொல்லிவிடுவேன். "அழிக்கக்கூட வேண்டாம் சார். நீங்க ஒரே ஒரு நாள் டப்பிங் இல்லாம பேசி, போய்ச் சேர்ந்துட்டேன்னு சொன்னீங்கன்னாப் போதும். அதுவே நிறுத்திடும்."

"என்ன டப்பிங்?"

"தினமும் சாயந்திரம் ஆறு மணிக்கு உங்க டப்பிங் கூப்பிடுதே சார்."

"நான் வீட்டுக்குக் கூப்பிடுறதே இல்லைங்க."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"கிளம்புற அன்னைக்கு அப்பாவுக்கும் எனக்கும் பெரிய சண்டை," என்றார் அவர். "ரயில்வேயில வேலை வந்துச்சு. வேண்டாம்னுட்டு இங்க வந்தேன். 'போறதானா போ, போய்ச் சேர்ந்தேன்னுகூட எனக்குப் போன் பண்ணாத'ன்னாரு. பண்ணலை. அம்மா அதைப் பத்தி அன்னைக்கு ஒரு வார்த்தை பேசலை. சரி, அவங்களாவது ரெண்டு நாள்ல கூப்பிடுவாங்கன்னு பார்த்தேன். ஒரு வாரம் போச்சு, ஒரு மாசம் போச்சு. ஒரு மிஸ்டு கால்கூட இல்லை. அப்புறம் நானா எப்படிக் கூப்பிடுறதுன்னு தெரியலை."

"அவங்க தினமும் உங்களோட பேசிட்டு இருக்காங்க சார்."

இதைச் சொன்னதும் எனக்கே என்னவோ போல் இருந்தது.

"யாரு போட்டது அதை?"

"தெரியலை சார்."

"அம்மாவுக்கு டப்பிங்னு தெரியுமா?"

"தெரியாதுன்னு நினைக்கிறேன். ரொம்ப சந்தோஷமா இருக்காங்க."

"இப்ப நான் கூப்பிட்டா எந்த மிதுன்னு கேட்பாங்க," என்றார் கடைசியில். "அதை அழிக்காதீங்க. இருக்கட்டும்."

இணைப்பு நின்றது. ஜெரால்டு அண்ணன் டீயோடு வந்து, "பேசிட்டியா? பார்த்தியா, வாய் இருக்கு," என்றார். கம்பெனியின் முதல் சட்டத்தை மீறிவிட்டேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

கட்டளையை அழிக்க முடியாது. அழிக்காமல் சார்ஜ் நிற்கவும் நிற்காது. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். சார்ஜ் பெட்டியை ஸ்பீக்கருக்குக் கீழேயே கொண்டுவந்து வைத்துவிட்டால் உருண்டை சார்ஜில் நின்றபடியே காத்திருக்கும். அதைச் செய்யத்தான் இரண்டு நாள் கழித்து மறுபடி போனேன்.

கீழே லிப்ட் பக்கத்தில் மோகன்ராஜ் நின்றிருந்தார். நடந்துவிட்டு வந்திருப்பார் போல, பனியனெல்லாம் வியர்வை.

"கொஞ்சம் இரும்மா. அன்னைக்கு உன் மெஷின்ல சிவப்பா ஏதோ வந்துச்சு. நீ அதைப் பார்த்த. நான் உன்னைப் பார்த்தேன்."

நான் லிப்ட் பொத்தானைப் பார்த்தேன்.

"அவகிட்ட சொல்லிடாத," என்றார். "அவன் போன ரெண்டு நாள் அவ சரியாச் சாப்பிடலை. போனையே பார்த்துட்டு உக்காந்திருந்தா. போன் பண்ணாதன்னு நான் சொன்னது அவளுக்குத் தெரியாது. பாத்ரூம்ல குளிச்சிட்டு இருந்தா. அவன் நிஜமாவே பண்ணாம இருப்பான்னு நான் என்னத்தைக் கண்டேன்? அப்புறம் ஒரு கடையில விசாரிச்சேன். குரல் சாம்பிள் குடுங்கன்னான். என் போன்ல மிதுனோட பழைய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் கிடந்துச்சு. எடுத்துப் பார்த்தா எல்லாம் 'அப்பா கதவைத் திற', 'அப்பா என் சார்ஜர் எங்க', 'அப்பா ரெண்டு நிமிஷம் சும்மா இருங்க'. அதை வெச்சே செஞ்சு குடுத்துட்டாங்க. 'சாப்பிட்டியா'ன்னு ஒண்ணுகூட அதுல இல்லை. அதெல்லாம் நான் எழுதிச் சேர்த்தது. தினமும் போர்ட் பிளேர்ல மழையா வெயிலான்னு பார்த்து எழுதிடுவேன்."

"மாத்திரை போட்டீங்களான்னு கேட்கிறது?"

"அதுவும்தான்," என்றார் என்னைப் பார்க்காமல்.

"ஆன்ட்டி கண்டுபிடிக்கலையா சார்?"

"சான்ஸே இல்லை. கல்யாணம் ஆனதுல இருந்து அவ கண்டுபிடிக்கிறது என்னை மட்டும்தான்."

நீங்களே ஒரு தடவை அவருக்குக் கூப்பிடலாமே என்று சொல்ல நினைத்தேன். சொல்வதற்குள் லிப்ட் நாலாவது மாடிக்கு வந்துவிட்டது. அவர் நேராகக் குளிக்கப் போய்விட்டார்.

நான் சமையலறைப் பக்கம் இருந்த பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து ஸ்பீக்கருக்குக் கீழே பொருத்தினேன். உருண்டை அதன்மேல் ஏறி நின்றது. ஹேமலதா காபியை நீட்டிக்கொண்டே குனிந்து பார்த்தார்.

"இதோட சரியாயிடுமா?"

"சார்ஜ்ல இருந்துக்கிட்டே காத்திருக்கும். உங்களுக்குக் கூட்டுறப்ப முழு சார்ஜும் இருக்கும்."

"ஓ." அவர் குளியலறைப் பக்கம் பார்த்தார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்தினார். "அதுக்குத் தெரிஞ்சிருக்கு, இல்ல?"

"எதுக்கு மேடம்?"

"உருண்டைக்கு. பேசுறது அவன் இல்லைன்னு."

நான் டம்ளரை வாயிலிருந்து எடுத்தேன்.

"அது பேச ஆரம்பிச்ச ரெண்டாவது நாளே எனக்குத் தெரியும்," என்றார். "என் பிள்ளை என்னை ஒரு கதையை முழுசாச் சொல்ல விட்டதே இல்லை. 'சரி சரி, விஷயத்துக்கு வா'ம்பான். இது உக்காந்து 'அப்புறம்மா, அப்புறம்மா'ங்குது. நானும் வேணும்னே ஒரு நாள் அரைமணி நேரம் சேமியா கிண்டினதைச் சொல்லிப் பார்த்தேன். அசரலையே! அப்பவே புரிஞ்சு போச்சு, நம்ம பையன் டப்பிங் போட்டுட்டான்னு."

"நீங்க ஒண்ணும் கேட்கலையா?"

"என்னத்தைக் கேட்க? பேச மனசு இல்லாமத்தானே பொம்மையை அனுப்பறான். நான் நிஜ நம்பருக்குக் கூப்பிட்டா, மாட்டிக்கிட்டு முழிப்பான். எதுக்கு? அதையாவது அனுப்பணும்னு தோணுச்சேன்னு விட்டுட்டேன்." சிரிக்கப் பார்த்தார். முழுதாக வரவில்லை. "இவருதான் பாவம், அவனே பேசுறான்னு நம்பிட்டு இருக்காரு. ஆறு மணி ஆனா எங்க இருந்தாலும் ஓடி வந்துடுறாரு. அவருக்காகத்தான் நானும் கறிவேப்பிலைக் கதையெல்லாம் சொல்லிட்டு உக்காந்திருக்கேன்."

இவர் அவருக்காக. அவர் இவருக்காக. கடலுக்கு நடுவில் இன்னொருவர், ஒரு போன் வரவில்லையே என்று. அந்தப் பொய்க்குரல் மட்டும் இல்லாவிட்டால் மூன்றாவது நாளே இந்த அம்மா நிஜ நம்பரை அழுத்தியிருப்பார். அது தினமும் ஆறு மணிக்கு வந்து அந்த இடத்தை நிரப்பிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

இதெல்லாம் எனக்கு நன்றாகப் புரிந்தது. வாயைத் திறப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு வாக்கியம்தான். அதைச் சொன்னால் என் வேலை போகலாம்.

"அவர் அனுப்பலை ஆன்ட்டி."

"யாரு?"

"மிதுன். அந்தக் குரலை அவர் அனுப்பலை. அப்படி ஒண்ணு இருக்கிறதே அவருக்கு இப்பத்தான் தெரியும். நீங்க கூப்பிடுவீங்கன்னு அவர் பார்த்துட்டே இருந்திருக்கார்."

ஹேமலதா என்னையே பார்த்தார். பிறகு குளியலறைக் கதவைப் பார்த்தார். உள்ளே மோகன்ராஜ் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார்.

"டிவி ரிமோட்டுல சவுண்டு கூட்டத் தெரியாது அந்த மனுஷனுக்கு," என்றார் மெதுவாக.

டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். அதில் காபி பாதி இருந்தது. போனை எடுத்தார். நான் வெளியே போகட்டுமா என்று சைகையில் கேட்டேன். அவர் கவனிக்கவில்லை. முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"அம்மா?"

ஹேமலதா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறோம் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்காது.

"அம்மா, நான்தான். நிஜமாவே நான்தான். இரு, எப்படிச் சொல்றதுன்னு... நீ ஏதாவது கேளு, நான்தான்னு தெரிய..."

"வாயை மூடுறா," என்றார் ஹேமலதா. மூக்கை உறிஞ்சினார். "போய்ச் சேர்ந்துட்டியா?"

உடைந்த குரலில் பதில் வந்தது: "சேர்ந்துட்டேன்மா."

உருண்டை பச்சையாக ஒளிர்ந்தது. பெட்டியை விட்டு இறங்கியது. ஒரு அரைவட்டம் அடித்துவிட்டு, சுவரோரமாகக் கூட்டத் தொடங்கியது.

குளியலறைக் கதவு திறந்தது. மோகன்ராஜ் இடுப்பில் துண்டோடு எட்டிப் பார்த்தார். "யாரு போன்ல? மணி இன்னும் ஆறாகலையே..."

ஹேமலதா அவரை ஒரு பார்வை பார்த்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மோகன்ராஜ் அப்படியே சோபாவில் உட்கார்ந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. உருண்டை அவர் காலில் இடித்தது. காலைத் தூக்கி வழிவிட்டார்.

"நீ சொல்லிட்டியா?"

"ஆமா சார். அவங்களுக்கு முன்னாடியே தெரியும் சார். மிதுன்தான் அனுப்புறார்னு நினைச்சிருந்தாங்க. உங்களுக்காகத்தான் உக்காந்து பேசிட்டு இருந்தாங்களாம்."

"எனக்காகவா?" என்றார். பிறகு திடுக்கிட்டு எழுந்தார். "ஐயோ, ஆறு மணிக்கு அது வேற கூப்பிடும்! இவ இருக்கிற கோவத்துல... எப்படிம்மா இதை நிறுத்துறது?"

டேப்லெட்டை என்னிடம் நீட்டினார். நான் இடம் காட்டினேன். 'இந்தக் குரலை நிரந்தரமாக நீக்கவா?' என்று கேட்டது. அவர் விரலை மேலே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

"நானே எழுதிக் குடுத்ததுதான்," என்றார் திரையைப் பார்த்தபடி. "இருந்தாலும் அவன் குரல்ல கேட்கிறப்ப நல்லா இருந்துச்சும்மா. நிஜத்துல ஒரு நாளும் கேட்க மாட்டான்."

அவரே அழுத்தினார். திரை ஒருமுறை வெளுத்துத் தெளிந்தது.

பால்கனியில் ஹேமலதா கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் கண்ணைத் துடைத்தார். அடுத்த நிமிடம் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்ன பேசுறாங்க?"

"கேட்கலை சார்."

"உருண்டைக்குக் கேட்குமா?"

கருவியைப் பார்த்தேன். "இல்லை சார். அது காதை மூடிடுச்சு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நான் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். அப்போது கண்ணாடிக் கதவு திறந்தது. ஹேமலதா போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார்.

"ஏங்க. உங்களைக் கேட்கிறான்."

"என்னையா? எதுக்கு?"

"எதுக்காம்! என் குரலை எடுக்க அவருக்கு யாரு உரிமை குடுத்தாங்கன்னு குதிக்கிறான். பயங்கரக் கோவம்."

"எவ்வளவு கோவம்?"

"என்னையே ஒரு வாக்கியம் முடிக்க விடலை."

மோகன்ராஜ் தாவி எழுந்தார். துண்டை இறுக்கிக்கொண்டு படுக்கையறைப் பக்கம் ஓடினார்.

"வெச்சிடப் போறான், லைன்லயே இருக்கச் சொல்லு!" என்று உள்ளிருந்து கத்தினார். "சட்டையைப் போட்டுட்டு வந்துடுறேன்!"